யாரும் நிறுத்தாத மெஷின்

இன்றைக்கும் சாயங்காலத்தில் டெலிபோன் அடித்தால் எங்கேயோ ஏதோ நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன். எடுத்துப் பார்த்தால் மனைவியாக இருக்கும். வரும்போது தேங்காய் வாங்கி வரச் சொல்வாள். ஆனாலும் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்யும். பதுளையில் பிடித்த பழக்கம் அது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, இலங்கையில் சமாதான காலம் என்று சொன்னார்களே, அந்தச் சில வருடங்களில் பதுளை டவுனில் ஒரு தனியார் லேபில் வேலை பார்த்தேன். இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற இடம். கீழே பாமசி, மாடியில் லேப், இரண்டுக்கும் ஒரே முதலாளி. என்னைக் கம்பியூட்டர்காரர் என்று சொல்லித்தான் எடுத்தார். வயர் இருக்கிற சாமான் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடக்கம் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மின்விசிறி, டெலிபோன், இரத்தம் வைக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் என் தலையில் விழுந்தன. ஒரு தடவை முதலாளி வீட்டு ரைஸ் குக்கர்கூட என் மேசைக்கு வந்தது.

ஆனால் என்னை உண்மையில் வாட்டி எடுத்தது ஒரே ஒரு கம்பியூட்டர்தான். அதில் ஓடிய வலைச் செயலியை நானே எழுதியிருந்தேன். அதற்கு முன்பெல்லாம் பசறை, லுணுகலைப் பக்கத்து ஆட்களின் ரிப்போட்டைக் கவரில் போட்டு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். அது மறுநாள்தான் போய்ச் சேரும். சில நாள் லுணுகலைக்குப் போக வேண்டியது பிபிலை வரை போய்த் திரும்பி வரும். நான் செய்த ஏற்பாட்டில், பதுளையில் ரிசல்ட்டை அடித்தவுடன் பசறைப் பாமசிக்காரர் டெலிபோன் லைனில் டயல் பண்ணி எங்கள் மெஷினுக்கு வந்து, பக்கத்தைத் திறந்து, ரிப்போட்டை அங்கேயே அச்செடுத்துக்கொள்ளலாம். ஜாவாவில் எழுதியது. அந்த மெஷினைச் சேர்வர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். பார்க்கப்போனால் அது பரிசோதகரின் மேசைக்கடியில் கிடந்த ஒரு சாதாரண கம்பியூட்டர். லேபில் ரிசல்ட் அடிப்பதும் அதில்தான். சேர்வருக்குத் தனியாக ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்டபோது முதலாளி சிரித்தார்.

"ஒரு மெஷினுக்கு ரெண்டு வேல செய்ய ஏலாதா மகன்? நாங்க செய்றோமே."

இந்த ஏற்பாட்டில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்றும் இருந்தது. என் அக்கா நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொழும்பில் இருதய வால்வு மாற்றியிருந்தார்கள். மாற்றிய வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அளவு குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் உடம்புக்குள்ளேயே கசியும். இரண்டிலும் உயிர் போகலாம் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு எத்தனை மாத்திரை என்று தீர்மானிக்க வேண்டும்.

அதற்காகப் பதுளைக்கு வந்து போனால் அவளுக்கு ஒரு பேர் போய்விடும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வார்கள். காலைப் பெரட்டில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, சாயங்காலம் வரை எடுத்தால் ஒரு பேர். மத்தியானத்தோடு போய்விட்டால் அரைப் பேர். என் ஏற்பாட்டில் அவளுக்கு அரைப் பேரோடு காரியம் முடிந்தது. புதன்கிழமை மத்தியானம் மலையை விட்டு இறங்கிப் பசறைக்கு வருவாள். பாமசியில் இரத்தம் கொடுப்பாள். அது ஐஸ் பெட்டியில் பஸ்ஸேறிப் பதுளைக்கு வரும். சாயங்காலத்துக்குள் ரிப்போட் பசறையில் அச்சாகிவிடும். டொக்டர் எழுதிக் கொடுத்திருந்த அளவுப்படி பாமசிக்காரர் பார்த்து, இந்த வாரம் இத்தனை என்று சொல்வார். அவள் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். முதலில் கொஞ்ச நாள் அப்படித்தான் நடந்தது. "எந் தம்பி மெஷின்ல வந்த கடுதாசி" என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் ரிப்போட்டைக் காட்டினாளாம்.

பிறகுதான் அது நிற்க ஆரம்பித்தது.

நின்றது மெஷின் இல்லை. மெஷினில் விளக்கு எரியும், டயல் பண்ணினால் லைன் எடுக்கும். உள்ளே ஓட வேண்டிய என் செயலி மட்டும் இருக்காது. பசறையிலிருந்து டெலிபோன் வரும். "பக்கம் தொறக்க மாட்டேங்குதுங்க." நான் மாடிக்கு ஓடி, செயலியைத் திரும்பவும் கிளப்பிவிட்டு, "இப்ப பாருங்க" என்பேன். பதுளையில் இருந்தால் பத்து நிமிட வேலை. முதலாளிக்குப் பண்டாரவளையில் இருந்த இன்னொரு கடைக்குப் போயிருந்தால் திரும்பி வருகிற நேரமும் சேரும். மறுவாரம் திரும்பவும் அதே டெலிபோன், அதே ஓட்டம், அதே "இப்ப பாருங்க".

செயலி தானாகச் செத்து விழுந்தால் அது தன் பதிவில் ஏதாவது அலறிவிட்டுத்தான் விழும். நினைவகம் போதவில்லை என்றோ, இன்ன வரியில் பிழை என்றோ பக்கம் பக்கமாகக் கொட்டியிருக்கும். என்னுடையதில் அப்படி ஒன்றும் இல்லை. "மூடுகிறேன்", "மூடியாயிற்று" என்கிற பொருளில் ஒழுங்கான இரண்டு மூன்று வரி, அதோடு சரி. கடையைக் கூட்டிப் பெருக்கி, விளக்கை அணைத்து, பூட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. யாரோ போகச் சொல்லித்தான் போயிருக்கிறது என்று அதைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர்களைச் சந்தேகப்படுவதை விட மெஷினைச் சந்தேகப்படுவது சுலபம். மெஷின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது.

சித்திரை மாதத்து இடியைத்தான் முதலில் பழி சொன்னேன். பதுளையில் அந்த மாதத்தில் மத்தியானத்துக்குப் பிறகு இடிக்காத நாள் குறைவு. யூபிஎஸ்ஸுக்குப் புது பெட்டரி போட்டேன். இடி ஓய்ந்த பிறகும் செயலி நின்றது. வைரஸ் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். சூடு என்று நினைத்து மேசைக்கடியிலிருந்து வெளியே இழுத்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் ஓடும், நானும் இதுதான் காரணம் என்று தெம்பாக இருப்பேன். அப்புறம் டெலிபோன் அடிக்கும். நம்பிக்கை வைத்து வைத்து அலுத்துப் போகிற அலுப்பு இருக்கிறதே, அது வேறு எந்த வேலையிலும் எனக்கு வந்ததில்லை.

பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்று பிடிபட்டது. நிற்பது பெரும்பாலும் புதன்கிழமை. புதன்கிழமைதான் வெளியூர் இரத்தம் எல்லாம் வருகிற நாள், ஆகவே வேலை கூட, ஆகவே மெஷினுக்கு நினைவகம் பற்றவில்லை என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார். ஆவணி மாதம் புது நினைவகம் போட்டேன். இரண்டு புதன்கிழமை தாண்டியும் செயலி நிற்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

அந்த இரண்டு வாரமும் எங்கள் பரிசோதகர் லீவில் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் பதுளையை விட்டுப் போகாமல் எங்கள் லேபில் இருந்தார். யுத்தத்தில் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் என்பதால் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது எங்களுக்கெல்லாம் பனங்கட்டி கொண்டு வந்தார். நான் அதைக் கடித்துக்கொண்டே அவரிடம் நினைவகத்தைப் பற்றிப் பெருமையடித்தேன். அந்தப் புதன்கிழமையே செயலி நின்றது.

இப்படிச் சொன்னால் படிக்கிறவர்களுக்கு விஷயம் பட்டென்று விளங்கிவிடும். எனக்கு விளங்கவில்லை. வாங்கிய நினைவகம் போலிச் சரக்கு என்று கடைக்காரனோடு சண்டை பிடிக்கப் போய்விட்டேன்.

நோன்பு மாதம் தொடங்கியபோது முதலாளி கூப்பிட்டார். நோன்பு பிடித்த அலுப்பில் குரல் தாழ்ந்திருந்தது.

"மகன், பசறையிலயும் லுணுகலையிலயும் ஆக்கள் என்னத்தான் ஏசுறாங்க. நோன்பு முடியிறதுக்குள்ள இத சரிப்படுத்துங்க. இல்லாட்டி பழைய மாதிரி கொண்டக்டர்ட கையிலயே குடுத்தனுப்புவோம். அவன் ஒரு நாள் பிந்தினாலும் கொண்டு போறானே."

அவர் சொன்னதைக் கேட்டு என் வேலையைப் பற்றி நினைக்கவில்லை, அக்காவைத்தான் நினைத்தேன். கொண்டக்டர் கையில் போனால் ரிப்போட் வியாழக்கிழமைதான் பசறைக்குச் சேரும். அவள் அதை வாங்க இன்னொரு அரைப் பேரை விட வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி பதுளைக்கு வர வேண்டும். மாதத்தில் நாலு பேர் போனால் அவள் வரமாட்டாள். அவள் குணம் எனக்குத் தெரியும். மாத்திரையை ஒரு குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவாள்.

தீபாவளிக்குப் போயிருந்தபோதுதான் கேட்டிருந்தேன். "எல்லாம் ஒழுங்கா வருது. நீ சாப்புடு, எப்படி எளச்சுப் போயிட்ட பாரு" என்றாள். சாப்பிட்டேன். சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிவிட்டேன். லீவு முழுக்கத் தூக்கம்தான். எழுந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பியாயிற்று.

வேறு வழியில்லாமல் மனிதர்களை விசாரிக்க ஆரம்பித்தேன். மெஷினுக்கு மேலே "இதை யாரும் நிறுத்த வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன். நின்ற ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவராகப் பிடித்து, "நீங்க நிறுத்தினீங்களா?" என்று கேட்டேன். உதவிக்கு இருந்த பெண் பிள்ளை அழுதேவிட்டாள். அவள் வேலை முடிந்தால் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறவள், அதைக்கூட நான்தான் பழக்கியிருந்தேன். பரிசோதகரைக் கேட்டபோது அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நான் ஏன் தம்பி நிப்பாட்டுறன்? நீர்தானே எழுதி ஒட்டி வைச்சிருக்கிறீர்."

"அப்ப நேத்து கடைசியா அதுல என்ன பண்ணினீங்க சேர்?"

"ஒண்டும் செய்யேல்லை. ரிசல்ட்டை அடிச்சுப்போட்டு வெளிக்கிட்டனான்."

வெளிக்கிட்டனான் என்றால் புறப்பட்டேன் என்று அர்த்தம். தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்த யாழ்ப்பாணப் பேச்சு வராது, ஆனாலும் அவரோடு பழகி அவ்வளவு தெரிந்து வைத்திருந்தேன். தெரிந்திருந்ததுதான் வினையாகப் போயிற்று. தெரியாதிருந்தால் அப்படியென்றால் என்ன சேர் என்று கேட்டிருப்பேன். ரிசல்ட்டை அடித்தார், வீட்டுக்குப் புறப்பட்டார் என்று எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டேன். நோன்பு மாதத்தின் பாதியும் போய்விட்டது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் எனக்கு எல்லாம் வெறுத்துப் போயிற்று. இனி யோசிக்க முடியாது, கண்ணால் பார்க்கிறது ஒன்றுதான் பாக்கி என்று ஒரு நாற்காலியை இழுத்துப் பரிசோதகரின் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். வெளியூர் இரத்தம் வந்தது. சர்க்கரை, கொழுப்பு போன்றதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல உதவிப் பெண் அடித்தாள். இரத்தம் உறைகிற நேரம் பார்க்கிற பரிசோதனை வந்ததும் அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, தன் பெயரில் கணக்கைத் திறந்தார். அதில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் செத்துப்போகும் என்று அதை யாரையும் அடிக்க விடமாட்டார். புதன்கிழமை மட்டும் அவர் கை அந்த மெஷினில் படுகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்குப் பாதி தூக்கம். நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தரம் சரிபார்த்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி தம்பி, நான் வெளிக்கிடப் போறன்" என்றார்.

குடையை எடுப்பார் என்று பார்த்தேன். மௌஸைப் பிடித்தார். தன்னுடைய பெயரில் திறந்திருந்த கணக்கைப் பக்குவமாக மூடி, மெஷினிலிருந்து லொக் ஓஃப் பண்ணினார். அதைத்தான் அந்த மனிதர் இத்தனை மாதமும் வெளிக்கிடுவது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மெஷினை அவர் நிறுத்தவில்லை. அதிலிருந்து வெளியே வந்தார், அவ்வளவுதான். பிறகு அவர் குடையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பசறையிலிருந்து டெலிபோன் அடித்தது. "பக்கம் தொறக்க மாட்டேங்குதுங்க."

விஷயம் இதுதான். ஒருவர் தன் கணக்கிலிருந்து வெளியேறும்போது, இவர் போகிறார் என்று மெஷின் எல்லாச் செயலிக்கும் அறிவிக்கும். அவர் திறந்து வைத்தவை மூடிக்கொள்ளட்டும் என்பதற்காக. என் செயலி அவர் திறந்தது இல்லை. அது யார் வந்தாலும் போனாலும் பின்னணியில் ஓட வேண்டியது. ஆனால் அதைத் தாங்கியிருந்த ஜாவா அந்த அறிவிப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, ஒழுங்காக எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போயிருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு லயமே மூட்டை கட்டின கதை. அந்த அறிவிப்பைக் காதில் வாங்காதே என்று சொல்ல ஜாவாவில் மூன்றே எழுத்துப் போதும். செயலியைக் கிளப்புகிற வரியில் அதைச் சேர்த்தேன். "திரும்ப வெளிக்கிடுங்க சேர்" என்றேன். வெளிக்கிட்டார். பக்கம் திறந்தே இருந்தது. திரும்பத் திரும்ப உள்ளே போய் வெளியே வரச் சொன்னேன். அசையவில்லை.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் நானோ?"

"நீங்க செஞ்சது சரிதான் சேர். நான் எழுதினதுதான் சரியில்ல."

"இல்லைத் தம்பி, என்ர பேரில ஆரும் வந்து ரிசல்ட்டை மாத்தினா? கையெழுத்து என்ரையெல்லோ. அதுதான் ஒவ்வொரு தரமும் ஒழுங்கா வெளிக்கிடுறனான்" என்றார். அந்த லேபில் அப்படிச் செய்த ஒரே ஆள் அவர்தான். ஒழுங்கு தெரியாத நாங்கள் எல்லாரும் திரையை அணைத்துவிட்டுப் போனதால்தான் மற்ற நாளில் என் செயலி உயிரோடு இருந்திருக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன். நோன்பு திறக்கிற நேரம், கஞ்சிக் கோப்பை கையில் இருந்தது. எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தரச் சொன்னார். அது எப்படி நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது என்று கேட்டார். கூட்டிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, மாதத்தில் நாலைந்து தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம், மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரம் என்றேன். "அவ்வளவுதானா? இதுக்கா இந்த ஆக்கள் இந்தப் பாடு படுத்தினாங்க?" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் பசறைக்குப் போனேன். பாமசியில் உட்கார்ந்து, ரிப்போட் அச்சாகி அக்கா கைக்குப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. மத்தியான பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. சாயங்காலம் பக்கம் அழகாகத் திறந்தது, வந்திருந்தவர்களின் ரிப்போட் எல்லாம் அச்சாயிற்று. பாமசிக்காரர் கையைக் குலுக்கினார். நான் அக்காவைக் கேட்டேன்.

"அவங்க வந்து நாளாச்சுங்களே. தீவாளிக்கு முந்தியே வர்றத விட்டுட்டாங்க. தம்பிதான் பதுளையில இருக்காரே, நேரா அங்கயே போயிப் பாத்துக்கிறாங்கன்னு நெனச்சேன்."

கடைசி பஸ்ஸில் நமுனுகுலைக்குப் போனேன். வழி முழுக்க வளைவு, எனக்கு எப்போதும் தலை சுற்றும். அன்றைக்கு அதுகூடத் தெரியவில்லை. லயத்தில் அக்கா அடுப்பு முன்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். நான் விலக்கிப் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கைக்கு மேலே கறுப்பும் ஊதாவுமாகக் கன்றிப் போயிருந்தது. கூடையைத் தூக்கும்போது இடிபட்டது என்றாள். கூடைக் கயிறு தலையில்தானே கிடக்கும், கையில் எப்படி இடிபடும்? பல் விளக்கினால் இரத்தம் வருகிறது என்பதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மாத்திரை கூடிப் போயிருக்கிறது. பழைய அளவையே வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல? தோட்டத்து ஆபீஸ்ல கேட்டா தரமாட்டாங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

அக்கா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். அவளுக்குக் கோபமே இல்லை.

"போன் பண்ணினா நீ என்ன சொல்லுவ தம்பி? ஸ்டார்ட் பண்ணிட்டேன், இப்ப பாருங்கன்னு சொல்லுவ. பாமசியில ஒக்காந்து ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். நீ இப்ப பாருங்கன்னு சொல்றப்ப எங்க பஸ்ஸு போயிருக்கும். ரெண்டு தடவ பஸ்ஸ விட்டுட்டு அந்தக் கடுதாசிக்காக நின்னேன். பசறையில தெரிஞ்ச வீட்டுல படுத்துட்டு வந்தேன். மறுநா பெரட்டுக்கு நிக்க முடியல. அப்புறம் எப்படி வர்றது?"

பத்து நிமிடம், மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரம் என்று முதலாளியிடம் நான் சொன்ன கணக்கு அவளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம். தட்டில் வைத்த ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் மட்டும், சாப்பிடு, இளைத்துப் போய்விட்டாய் என்று பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவளைப் பதுளைக்குக் கூட்டி வந்தேன். பெரட்டுக்கு நிற்காமல் போகிறோமே என்று பஸ் புறப்படுகிற வரைக்கும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேபில் பரிசோதகர் தானே இரத்தம் எடுத்தார், உடனே பார்த்தார். இலக்கத்தைக் கண்டதும் அதை அடிக்கவில்லை, கையால் எழுதி என்னிடம் நீட்டினார். "உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம். பஸ்ஸில வேண்டாம், ஓட்டோ பிடியும்" என்றார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் வார்டில் வைத்திருந்தார்கள், அளவைத் திருத்தினார்கள், தை மாதம் திரும்பவும் மலைக்குப் போனாள். ஆனால் அன்றைக்குக் காலையில் அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். டொக்டர் ஓர் இளம் பெண். பரிசோதகர் எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"இவ்வளவு கூடுற வரைக்கும் என்ன செய்தனீங்கள்? கிழமைக்கு ஒருக்கா பாக்கச் சொல்லித் தந்திருக்கெல்லோ?"

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. டொக்டர் முகத்தைப் பார்த்து, கூச்சப்படாமல் சொன்னாள்.

"ரிப்போட்டெல்லாம் ஒழுங்காத்தாங்க வந்துச்சு. நாந்தான் சோம்பேறிப்பட்டுக்கிட்டுப் போகாம இருந்துட்டேன்."

வால்வு மாற்றின உடம்போடு மழையில் மலையேறிக் கொழுந்தெடுக்கிறவள் சொல்கிறாள். டொக்டர் அதை எழுதப் போனார்.

"இல்ல டொக்டர்" என்றேன். "ரிப்போட் வரல. நான் செஞ்ச மெஷின் நின்னு நின்னு போச்சு. இவங்க வந்து காத்திருந்து காத்திருந்து பஸ்ஸுக்குப் போயிட்டாங்க."

"எந்த லேப்?" என்று டொக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள். "ஏன்டா அதச் சொன்ன? ஒன் மொதலாளி காதுல விழுந்தா ஒனக்கு வேல போயிருமேடா" என்று படபடத்தாள். பேசின வேகத்தில் ஈறிலிருந்து இரத்தம் கசிந்து உதட்டோரம் வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நான் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டே தள்ளினேன்.